காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே ஏறுவது எப்படி?

பாலைமரம் (புதுக்குடியிருப்பு)

எல்லோருக்கும் வணக்கம். கார்மென்ட்ஸில் நின்றபடியே செய்யும் வேலை எனக்கு. காலையில் அளவாக இருக்கும் செருப்பு பின்னேரம் பஸ் ஏறும்போது இறுக்கும். கழற்றினால் வாரின் தடம் அப்படியே பதிந்திருக்கும். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து மெதுமெதுவாகத்தான் நிரம்பும். இரவு படுத்தெழும்பினால் ஒன்றும் இருக்காது. என்னோடு வேலை செய்யும் அக்காமார் சிலருக்குக் கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு புடைத்தே நிற்கிறது.

மருந்து கேட்கவில்லை, அதற்கு டொக்டர் இருக்கிறார். எனக்கு விளங்காத விஷயம் வேறு. இதயம் அடித்து இரத்தத்தைக் கீழே தள்ளுகிறது, சரி. கீழே போனது நாலடி ஏறி இதயத்துக்குத் திரும்பி வரவேண்டுமே, அதைத் தள்ளுவது யார்? பள்ளிக்கூடப் படத்தில் சிவப்புக் கோடு இறங்கும், நீலக் கோடு ஏறும். ஏன் ஏறுகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

உயிரியல்_ஆசான் (கிளிநொச்சி)

தங்கச்சி, வகுப்பில் ஒரு பிள்ளை இதைக் கேட்டால் அந்தப் பாடவேளை முழுவதையும் இதற்கே கொடுத்துவிடுவேன். போகும் வழியை முதலில் பார்ப்போம்.

இதயத்தின் இடது இதயவறை ஒரு தடவை சுருங்கும்போது ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தத்தைப் பெருநாடி என்ற பெரிய குழாய்க்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 அடி என்றால் 5 லீற்றருக்குக் கிட்ட வருகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமும் 5 லீற்றர் அளவுதான். அதாவது சும்மா இருக்கும்போதே உங்கள் இரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது.

பெருநாடி தொடங்கும் இடத்தில் சுமார் இரண்டரை சென்ரிமீற்றர் அகலம். சுவர் தடிப்பு, இழுபடும் தன்மையும் உண்டு. இதயம் அடிக்கும்போது விரிந்து கொடுத்து, இதயம் ஓய்கிற நேரத்தில் சுருங்கித் தானும் தள்ளுகிறது. இதயம் விட்டு விட்டு அடித்தாலும் இரத்தம் நிற்காமல் ஓடுவது இதனால்தான். பிரஷர் பார்க்கும்போது 120/80 என்கிறார்களே, அந்த 80 இந்தச் சுவர் தாங்கி வைத்திருக்கும் அமுக்கம்.

பெருநாடி கிளைவிட்டு நாடிகளாகி, பிறகு புன்னாடிகளாகி, கடைசியில் மயிரைப்போல நுண்ணிய மயிர்த்துளைக் குழாய்களாகிறது. அவை திரும்பச் சேர்ந்து, இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் நாளங்களாகின்றன. புன்னாடியின் சுவரில் தசை வளையம் இருக்கிறது. எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் என்று முடிவு செய்யும் இடம் இது. அமுக்கம் அதிகமாக விழுவதும் இங்கேதான். மயிர்த்துளைக் குழாய் தொடங்கும்போது 35 மில்லிமீற்றர் இரசம் (பிரஷர் அளக்கும் அதே அலகு) அளவில் நிற்கும், முடியும்போது 15 அளவுக்கு வந்துவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் சேரும் வலது சோணை அறையை அடையும்போது ஏறக்குறைய பூச்சியம்.

இறங்கும் வழியில் 120, ஏறும் வழியில் 15. உங்கள் கேள்வி இங்கேதான் நிற்கிறது. இரவு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

கனகராயன் (இரணைமடு வலதுகரை)

ஆசிரியர் சொல்வதை நான் வயலோடு வைத்துப் பார்க்கிறேன். குளத்தில் துருசைத் திறந்தால் பெரிய வாய்க்காலில் ஆளை இழுக்கிற வேகத்தில் தண்ணி வரும். கிளை வாய்க்காலுக்குப் பிரிந்தால் வேகம் குறையும். கடைசியில் வரம்பை வெட்டி வயலுக்குள் விட்டால் ஓடுவதே தெரியாது, ஊறிப் பரவும். பயிருக்கு அந்த மெதுவான தண்ணிதான் பயன். இரத்தத்துக்கும் இதே கணக்குத்தானே?

உயிரியல்_ஆசான்

வேகத்துக்கு இதே கணக்குத்தான் அண்ணை. ஒவ்வொரு மயிர்த்துளைக் குழாயும் மிகச் சிறியது, ஆனால் கோடிக்கணக்கில் இருப்பதால் எல்லாவற்றின் வாயையும் சேர்த்தால் பெருநாடியின் வாயைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. பெருநாடியில் செக்கனுக்குப் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றருக்கு மேல் ஓடும் இரத்தம், மயிர்த்துளைக் குழாய்க்குள் ஒரு மில்லிமீற்றரைக்கூடத் தாண்டுவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியத்தின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்குரோமீற்றர். குழாய் பல இடங்களில் அதைவிடவும் ஒடுக்கம். எனவே செங்குழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வளைந்து நெளிந்துதான் போகும். அந்த நெருக்கத்திலும் மெதுவிலும்தான் ஒட்சிசன் கைமாறுகிறது.

ஆனால் ஒப்பீட்டை இதற்கு மேல் கொண்டு போகக்கூடாது. வயலுக்குப் போன தண்ணி குளத்துக்குத் திரும்புவதில்லை. இரத்தம் திரும்பியே ஆகவேண்டும்.

ஒட்டுசுட்டான்_மாணவன்

சேர், ஒரு சந்தேகம். 15 மில்லிமீற்றர் இரசம் என்பது 20 சென்ரிமீற்றர் உயரத் தண்ணீருக்குச் சமம். பாதத்திலிருந்து இதயம் 120 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது. அப்படியென்றால் அசையாமல் நிற்கிற ஆளுக்கு இரத்தம் முழங்காலுக்குக்கூட ஏறாதே? ஆனால் யாரும் அதனால் சாவதில்லையே?

உயிரியல்_ஆசான்

தம்பி கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர். விட்டுப்போனது ஒன்றுதான். நிற்கும்போது நாளத்துக்குள் மட்டும் உயரமான இரத்தத் தூண் நிற்பதில்லை, நாடிக்குள்ளும் அதே உயரத்துக்கு நிற்கிறது. அந்தத் தூணின் பாரம் பாதத்தில் 90 மில்லிமீற்றர் இரசம் வரை வரும். அது நாடிப் பக்கத்துக்கும் கூடும், நாளப் பக்கத்துக்கும் கூடும். இறங்கும்போது புவியீர்ப்புக் கொடுப்பதை ஏறும்போது வாங்கிக்கொள்கிறது, கணக்குச் சமன். மூடிய சுற்று என்பதால், அசையாமல் நின்றாலும் இரத்தம் திரும்பி வரத்தான் செய்யும்.

அப்படியானால் நிற்பதில் என்ன கெடுதல்? நாளத்தின் சுவர் மெல்லியது. 90 மில்லிமீற்றர் அமுக்கம் உள்ளே நின்றால் அது விரியும். சாதாரணமாகவே உடலின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாளங்களில்தான் இருக்கிறது. கால் நாளங்கள் விரிய விரிய இன்னும் அங்கே தேங்கும், இதயத்துக்கு வரும் அளவு குறையும். காலைக் கூட்டத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்கும் பிள்ளைகள் மயங்கி விழுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, நாளத்தில் அமுக்கம் கூடினால் அதற்கு முன்னால் இருக்கும் மயிர்த்துளைக் குழாயிலும் கூடும். அங்கிருந்து நீர் இழையங்களுக்குள் கசியும். தங்கச்சியின் கணுக்காலில் விழும் குழி அந்த நீர்தான்.

மாங்குளம்_தாதி

ஆசிரியர் காலின் கதையைப் பாதியில் விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். எங்கள் வார்ட்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் விளங்கப்படுத்துவது கெண்டைக்காலைத்தான்.

கெண்டைக்கால் தசைக்குள்ளும் இடையிலும் ஆழமான நாளங்கள் ஓடுகின்றன. ஓர் எட்டு வைக்கும்போது தசை இறுகி அவற்றைப் பிழிகிறது. இரத்தம் மேலேயும் போகப் பார்க்கும், கீழேயும் போகப் பார்க்கும். நாளத்துக்குள் சிறு வால்வுகள் இருக்கின்றன, மேலே மட்டும் திறப்பவை. எனவே மேலேதான் போகும். தசை தளரும்போது நாளம் வெறுமையாகி, தோலுக்கடியில் உள்ள நாளங்களிலிருந்தும் பாதத்திலிருந்தும் இரத்தத்தை உள்ளே எடுக்கும். அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் 80, 90 என்று இருந்த நாள அமுக்கம் நடக்கத் தொடங்கிச் சில எட்டுகளிலேயே 30க்குக் கீழே வந்துவிடும். மூச்சும் உதவுகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் அமுக்கம் குறைந்து வயிற்றுக்குள் கூடுகிறது, இரத்தம் மேல்நோக்கி இழுபடுகிறது.

வால்வு இருக்கிறதா என்று சந்தேகமிருந்தால் உங்கள் கையிலேயே பார்க்கலாம். புடைத்த நாளம் உள்ள ஒருவரின் மேல்கையில் ஒரு துணியை அளவாகக் கட்டுங்கள். மணிக்கட்டில் நாடித்துடிப்பு நின்றுவிடக்கூடாது. கையைத் தொங்கவிட்டால் முன்கையில் நாளங்கள் எழும்பும். அங்கங்கே சிறு முடிச்சுகள் தெரியும், அவைதான் வால்வு உள்ள இடங்கள். ஒரு முடிச்சுக்குக் கீழே நாளத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். அடுத்த விரலால் அங்கிருந்து மேல்நோக்கி, முடிச்சைத் தாண்டி வழித்து விடுங்கள். மேல் விரலை எடுத்துவிட்டாலும் முடிச்சுக்கும் கீழ் விரலுக்கும் இடைப்பட்ட துண்டு வெறுமையாக, தட்டையாகவே கிடக்கும். மேலே இரத்தம் முட்டி நின்றாலும் கீழே இறங்காது. இப்போது கீழ் விரலை எடுங்கள். அந்த நொடியே நிரம்பும். பார்த்து முடித்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

இதை 1628 இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய வைத்தியர் படம் போட்டு உலகத்துக்குக் காட்டினார். 400 வருடத்துக்குப் பிறகும் ஒரு துண்டுத் துணியும் இரண்டு விரலும் போதும்.

ஒட்டுசுட்டான்_மாணவன்

அக்கா, வீட்டில் அப்பாவின் கையில் செய்து பார்த்தேன். துண்டு வெறுமையாகவே நின்றது! ஹார்விக்கு முன்னால் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள்?

உயிரியல்_ஆசான்

ஈரலில் இரத்தம் உண்டாகி, உடலுக்குப் போய் அங்கேயே செலவாகிவிடுகிறது என்று கிரேக்க வைத்தியர் கலென் சொன்னதை ஆயிரத்து நானூறு வருடம் அளவில் நம்பினார்கள். இடையில் 13 ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நபீஸ் என்ற அரபு வைத்தியர், இதயத்தின் வலப்பக்க இரத்தம் சுவாசப்பை வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். ஹார்விக்கு இத்தாலியின் பாதுவா நகரில் படிப்பித்த பப்ரீசியஸ் நாள வால்வுகளை விபரித்திருந்தார். ஆனால் இரத்தம் கீழே வேகமாக விழாமல் தடுக்கவே அவை இருக்கின்றன என்று நினைத்தார்.

ஹார்வி செய்தது ஒரு கணக்கு. ஓர் அடிக்கு இதயம் தள்ளும் அளவை மிகக் குறைவாக எடுத்துக்கொண்டு, அரை மணி நேர அடிகளால் பெருக்கிப் பார்த்தார். உடலில் உள்ள முழு இரத்தத்தையும்விடக் கூடுதலாக வந்தது. சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து அவ்வளவு இரத்தம் உண்டாக வழியே இல்லை. அதே இரத்தம்தான் சுற்றி வரவேண்டும். எனக்கு மருத்துவ வரலாற்றிலேயே மிகப் பிடித்த கணக்கு இது.

நாடியையும் நாளத்தையும் இணைக்கும் குழாய்களை அவர் கண்ணால் காணவில்லை. 1657 இல் இறந்துவிட்டார். 1661 இல் இத்தாலியில் மல்பீகி என்ற வைத்தியர் தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியில் வைத்து மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார்.

அப்புறம் தம்பி, பரீட்சைக்கு ஒன்று. நாடி என்றால் ஒட்சிசன் உள்ள இரத்தம், நாளம் என்றால் இல்லாத இரத்தம் என்று எழுதாதேயும். இதயத்திலிருந்து கொண்டுபோவது நாடி, இதயத்துக்குக் கொண்டுவருவது நாளம். சுவாசப்பை நாடியில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த இரத்தம். வருடா வருடம் பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடம் இது.

பாலைமரம்

நன்றி ஐயா, நன்றி அக்கா. எங்கள் அக்காமாரின் காலில் சுருண்டு நிற்பது வால்வு பழுதானதாலா? லைனில் நின்றுகொண்டே நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

மாங்குளம்_தாதி

ஆம், அது வெரிக்கோஸ் வெயின். தோலுக்கடி நாளம் விரியும்போது வால்வின் இரண்டு இதழும் ஒன்றையொன்று தொடாமல் போகும். இரத்தம் பின்வாங்கிக் கீழ் வால்வில் பாரத்தைப் போடும், பிறகு அதுவும் விடும். குடும்ப வழியாக வருவதும் உண்டு. பிள்ளைப்பேறு, உடற்பருமன், நீண்ட நேரம் நிற்பது எல்லாம் கூட்டும்.

நின்றபடி செய்யக்கூடியது: குதிக்காலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். இரண்டு காலிலும் பாரத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். இடைவேளையில் உட்கார்ந்தே இருக்காமல் நடந்து வாருங்கள். வீட்டில் காலை இதயத்தைவிட உயரமாக வைத்துப் படுங்கள். இறுக்கமான மருத்துவக் காலுறை நல்லது, ஆனால் யாரோ தந்ததை வாங்கிப் போடவேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் கால் நாடி ஒடுங்கியவர்களுக்கும் அது காலையே பழுதாக்கும். டொக்டர் பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்த்த பிறகுதான்.

புடைத்த நாளம் கணுக்காலடியில் தட்டுப்பட்டு உடைந்தால் இரத்தம் பயப்படும் அளவுக்கு ஓடும். உடனே ஆளைப் படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள், உடைந்த இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்க வைத்து மேலே கயிறு கட்டினால் நாடியால் இரத்தம் வந்துகொண்டே இருக்கும், நாளத்தால் திரும்ப முடியாது, ஓட்டம் கூடும்.

முறிகண்டி_வழிப்போக்கன்

நான் லொறி ஓட்டுகிறேன். எனக்கும் கெண்டைக்கால்தான், ஆனால் வீக்கம் இல்லை. கொஞ்சத் தூரம் நடந்தால் பிடித்து இழுக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். சுருட்டுக் குடிக்கிற பழக்கம் உண்டு. நானும் குதிக்காலை உயர்த்தினால் சரிவருமா?

மாங்குளம்_தாதி

அண்ணா, உங்களுடையது வேறு. தங்கச்சிக்கு நின்றால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. உங்களுக்கு நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது. அது கால் நாடி ஒடுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். நடக்கும்போது தசை கூடுதல் இரத்தம் கேட்கிறது, ஒடுங்கிய நாடியால் கொடுக்க முடிவதில்லை. குழாயின் ஆரை பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒன்றாகும். கால் நாடி ஒடுங்கியவருக்கு இதய நாடியும் ஒடுங்கியிருக்கக்கூடும். சுருட்டை நிறுத்துங்கள், கிளினிக்குக்குப் போங்கள், பிரஷரும் சீனியும் கொலஸ்திரோலும் பாருங்கள். படுத்திருக்கும்போதே கால் விரல் வலித்தாலோ, பாதம் குளிர்ந்து நிறம் மாறினாலோ கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

மல்லாவியான்

வாசித்துக்கொண்டே வந்தேன். 2009 இல் எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. எல்லோரும் கெண்டைக்கால்தான் இரத்தத்தை ஏற்றுகிறது என்கிறீர்கள். அது இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு? வன்னியில் நாங்கள் ஒருவர் இருவர் இல்லை. இன்னொன்று, காலையில் இறுக்கமாகப் போடும் செயற்கைக்கால் மத்தியானம் லொடலொடக்கிறது. ஏன்?

மாங்குளம்_தாதி

அண்ணா, இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

இல்லாத பகுதிக்கு இரத்தம் போவதும் இல்லை, அங்கிருந்து ஏற வேண்டியதும் இல்லை. மிஞ்சிய கால் இதயத்துக்குக் கிட்ட இருப்பதால் இரத்தத் தூணின் உயரமும் குறைவு. தொடைத் தசை இருக்கிறது, மூச்சு இருக்கிறது. நடந்தால் தொடைத் தசையும் நாளத்தைப் பிழியும். ஆனால் மிஞ்சிய காலின் நுனிப் பகுதியில் நீர் தேங்குவதும் வடிவதும் உங்களுக்குக் கூடுதல். செயற்கைக்காலைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் அந்த நுனி வீங்கும். போட்டு நடக்கும்போது, நுனி உள்ளே இருக்கும் கிண்ணத்தின் அழுத்தமும் தசையின் வேலையும் நீரை வெளியேற்றும், மத்தியானம் மெலிந்திருக்கும். அதுதான் தளர்கிறது. நாளில் இடையில் ஒரு சொக்ஸ் கூடப் போட்டுக்கொள்வது அதற்காகத்தான். தளர்ந்த கிண்ணத்தோடு நடந்தால் நுனித் தோல் உரசிப் புண்ணாகும், தள்ளிப் போடாதீர்கள். இரவில் கழற்றிய பிறகு பண்டேஜ் சுற்றும் முறையைப் பிசியோவிடம் ஒருமுறை திரும்பக் காட்டச் சொல்லுங்கள். இறுக்கம் நுனியில் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். மாறி இறுக்கினால் நீர் நுனியில்தான் சேரும்.

கனகராயன்

காலபோகம் தொடங்கினால் வரம்பில் முத்திரைப் புடையன் பாம்பு கிடக்கும். கடித்தால் நடக்கக்கூடாது, ஓடக்கூடாது என்கிறார்களே, அதுவும் இந்தக் கெண்டைக்கால் விஷயம்தானா?

மாங்குளம்_தாதி

அதேதான் ஐயா. நஞ்சு பெரும்பாலும் முதலில், இழையங்களுக்குள் கசிந்த நீரைத் திரும்பக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்களுக்குள் போகிறது. அவற்றிலும் வால்வு உண்டு, தள்ளுவதற்குத் தசையின் அசைவும் வேண்டும். நடந்தால் நாங்களே நஞ்சை ஏற்றி விடுகிறோம். கடித்த காலை மட்டை வைத்து அசையாமல் கட்டி, ஆளைத் தூக்கியோ வாகனத்திலோ கொண்டுவாருங்கள். கீறவேண்டாம், உறிஞ்சவேண்டாம், கயிற்றால் இறுக்கவும் வேண்டாம். இறுக்கினால் நாடியும் அடைபட்டுக் காலே போகலாம்.

புடையன் நஞ்சு இரத்தம் உறையும் சக்தியைத் தின்றுவிடும். கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்போம். பிறகு சரித்துப் பார்ப்போம். தண்ணியாக ஓடினால் நஞ்சு உள்ளே வேலை செய்கிறது. எல்லோரும் அவசரப்படுத்துவார்கள், ஆனால் அந்த 20 நிமிடத்தையும் குறைக்க முடியாது.

நெடுங்கேணி_அம்மா

பிள்ளை, என் அவருக்கு இரண்டு காலும் வீக்கம். காலையில் எழும்பும்போதே முகமும் ஊதியிருக்கு. காலை உயர்த்திப் படுத்தும் குறையவில்லை. இதுவும் நின்று வேலை செய்வதாலா?

மாங்குளம்_தாதி

இல்லை அம்மா, இதைக் காலோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு காலும் முகமும் சேர்ந்து வீங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், இதயத்தையும் ஈரலையும் பார்க்க வேண்டும். வவுனியாப் பக்கத்திலும் சிறுநீரக வருத்தம் உள்ள கமக்காரர்கள் இருக்கிறார்கள், தொடக்கத்தில் நோவு ஒன்றும் காட்டாது. நாளைக்குக் காலையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வீக்கத்தைச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியற்றினின் என்ற கழிவு இரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். படுக்கும்போது மூச்சு முட்டினால் நாளை வரை பார்க்க வேண்டாம், இரவே போங்கள்.

மற்றவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டை நொந்து, தொட்டால் சூடாக இருந்தால் ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி கழன்று சுவாசப்பைக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. அந்தக் காலை உருவித் தேய்க்கவோ எண்ணெய் பூசிப் பிடிக்கவோ கூடாது. அன்றைக்கே காட்டுங்கள்.